பழைய கணிப்பொறியும் புதிய இயங்குதளமும்

மூன்றாம் ஆண்டு மாணவன், கணினி அறிவியல் துறை

கணிப்பொறியின் இயங்குதளத்தைப் புதுப்பிக்கலாமா, இருப்பதை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாமா என்பது நம் வினாத்தாளில் ஐந்து மதிப்பெண் வினாவாகக்கூட வந்ததில்லை. ஆனால் 2025ஆம் ஆண்டு தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த கையோடு என் தாய்மாமன் என்னிடம் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். அதற்கு நான் சொன்ன முதல் விடை தவறு. ஏன் தவறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் மாமா ஆம்பூரில் காலணியின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடம் ஒன்றை நடத்தி வருகிறார். அந்த மேற்பகுதியை 'அப்பர்' என்பார்கள். பெரிய கம்பெனிகள் தோலைக் கொடுத்து, வெட்டித் தைத்து வாங்கிக்கொள்ளும் இந்த 'ஜாப் ஒர்க்'கை நம்பி எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. மாமாவின் கூடத்தில் நாற்பது பேர். அவர்களுள் முப்பது பேருக்கு மேல் பெண்கள். அங்கே மூன்று கணிப்பொறிகள் உண்டு. அலுவலக அறையில் கணக்கு எழுதவும் ஜி.எஸ்.டி. கட்டவும் ஒன்று. வெட்டும் பகுதியில், பேட்டர்ன் அட்டை வெட்டும் இயந்திரத்தோடு இணைந்தது ஒன்று. மூன்றாவது, சரக்கு அறை மூலையில் தூசி படிந்து கிடந்த பழையது.

அலுவலகக் கணிப்பொறியில் விண்டோஸ் 10 இருந்தது. 2015 ஜூலையில் வெளிவந்த அந்த இயங்குதளத்துக்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு ஆதரவு முடிந்துவிட்டதாகத் திரையில் அறிவிப்பு வந்தது. மாமா பயந்துவிட்டார்.

"மாப்ளே, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? மாத்தணுமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

"மாத்தணும் மாமா. மூணையும் மாத்திடலாம்" என்றேன். மூன்று ஆண்டுப் படிப்பின் மிடுக்கு அது.

இயங்குதளம் செய்யும் பணி

தையல் கூடத்தில் மேஸ்திரி என்று ஒருவர் இருப்பார். தைக்கும் பெண் நூலுக்காகத் தானே சரக்கு அறைக்குப் போவதில்லை. எந்த இயந்திரத்தில் யார் உட்காருவது என்று தானே முடிவு செய்வதுமில்லை. எல்லாம் மேஸ்திரி வழியாகவே நடக்கும். கணிப்பொறிக்குள் இயங்குதளத்தின் வேலையும் இத்தகையதே. கணக்குச் செயலியோ, படம் வரையும் செயலியோ, வட்டையும் அச்சுப்பொறியையும் நேரடியாகத் தொடுவதில்லை. இயங்குதளத்திடம் கேட்டுத்தான் பெறுகின்றன.

ஆனால் அந்த மேஸ்திரிக்கு எல்லா இயந்திரங்களின் பாஷையும் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் 'டிரைவர்' எனப்படும் ஒரு சிறு நிரல் தேவை. கருவியைச் செய்த கம்பெனிதான் அதை எழுதித் தரவேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பழைய இயங்குதளங்கள் பல 32 பிட் முறையில் அமைந்தவை. அம்முறையில் நேரடியாகச் சுட்டக்கூடிய நினைவகம் 4 ஜி.பி. அளவோடு நின்றுவிடும். 64 பிட் முறை அந்த எல்லையைத் தாண்டியது. ஆனால் 64 பிட் விண்டோஸ், 32 பிட்டுக்கு எழுதிய டிரைவரைத் தன் உட்கருவுக்குள் அனுமதிக்காது. அதற்கும் முந்திய 16 பிட் செயலிகளோ அதில் இயங்கவே மாட்டா. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, தனிக் கணிப்பொறிகளுக்கு 64 பிட்டில் மட்டுமே வெளியிடப்பட்டது.

இவையெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும், தேர்விலும் எழுதியிருக்கிறேன். பேட்டர்ன் கணிப்பொறியின் முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

பேட்டர்ன் வெட்டும் இயந்திரம், மூடப்பட்ட ஒரு கம்பெனியிலிருந்து மாமா பழைய விலைக்கு எடுத்தது. ஒரே மாதிரியை ஒவ்வோர் அளவுக்கும் பெருக்கியும் சுருக்கியும் அட்டையில் வெட்டித் தரும். அதோடு வந்த கணிப்பொறியில் விண்டோஸ் 7, அதுவும் 32 பிட். பின்புறம் அச்சுப்பொறி இணைக்கும் பழைய வாயிலில் கட்டைவிரல் அளவு துண்டு ஒன்று செருகியிருக்கும். அது இல்லாவிட்டால் செயலி திறக்காது. திருட்டுப் பிரதியைத் தடுக்கும் சாவி அது.

கூடத்துக்கு விடுமுறையான ஞாயிறன்று வேலையைத் தொடங்கினேன். வட்டை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே என் திட்டம். வெட்டும் பகுதி மேஸ்திரி அண்ணன் அன்று சும்மா பார்க்க வந்திருந்தார். முன்பு இராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் பல ஆண்டு வேலை பார்த்தவர்.

"தம்பி, புது மருந்து வந்தா டிரம்முல இருக்கிற மொத்தத் தோலுக்கும் போட்டுடுவாங்களா? ரெண்டு தோல்ல போட்டுப் பார்த்துட்டுத்தான் மிச்சத்துக்குப் போடுவாங்க. அந்த டிஸ்கைக் கழட்டி வெச்சுட்டு வேற டிஸ்குல போட்டுப் பாரேன்."

கணிப்பொறியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று எண்ணியவாறேதான் கழற்றி வைத்தேன். அவர் மனம் நோகக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. புதிய வட்டில் 64 பிட் விண்டோஸ் 10 நிறுவினேன். அதற்கும் ஆதரவு முடிந்துவிட்டதே என்று கேட்கலாம். விண்டோஸ் 11ஐ அந்தக் கணிப்பொறி ஏற்கவில்லை, பழையதைவிடப் புதியது நல்லது என்று நினைத்தேன். திரை பளபளவென்று வந்தது. வெட்டும் இயந்திரம் அசையவில்லை. சாவித் துண்டையும் அது அறியவில்லை. இயந்திரத்தைச் செய்த கம்பெனி 64 பிட்டுக்கு டிரைவர் எழுதாமலே அந்த மாதிரியைக் கைவிட்டிருந்தது.

இரவு பதினொரு மணி வரை போராடினேன். செவ்வாயன்று ஒரு கம்பெனிக்குச் சாம்பிள் போகவேண்டும். அது பிடித்தால்தான் அடுத்த மூன்று மாத வேலை. திங்கள் காலை ஏழரைக்குப் பழைய வட்டைத் திரும்ப மாட்டினேன். எட்டு மணிக்கு இயந்திரம் அட்டை வெட்டியது. மேஸ்திரி அண்ணன் எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஓடுகிற வண்டியை மாற்றுவானேன்?

இந்த அனுபவத்துக்குப் பின் மாமா எதிர்ப்பக்கம் போய்விட்டார். "ஓடுற வண்டியை எதுக்குடா மாத்தணும்? எதையும் தொடாத" என்றார். மூன்றையும் மாற்று என்ற என் விடை எவ்வளவு தவறோ, எதையும் தொடாதே என்பதும் அவ்வளவு தவறு. அதற்குச் சான்று 2017ஆம் ஆண்டு நிகழ்ச்சி.

விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் ஓர் ஓட்டை இருந்தது. மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று அதை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற நச்சுநிரல் அந்த ஓட்டை வழியாகவே உலகெங்கும் புகுந்தது. சுமார் 150 நாடுகள்; இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல, குறித்த சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டி வைத்துவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது அது. யாரும் தவறான கடிதத்தைத் திறக்கவேண்டும் என்பதுகூட இல்லை. ஒரே வலைப்பின்னலில் இணைந்திருந்தால் போதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவியது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்று. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை, 2014இலேயே ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பி அல்ல. அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. மருந்து வந்து இரண்டு மாதமாகியும் போட்டுக்கொள்ளாதவை. ஆகவே புதிய பெயருடைய இயங்குதளம் இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. மாதாமாதம் வரும் திருத்தங்களே பாதுகாப்பு. ஆதரவு முடிந்தது என்றால் அத்திருத்தங்கள் நின்றுவிட்டன என்று பொருள். கணிப்பொறி வழக்கம்போல் ஓடும். புதிதாக ஓர் ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆள் வரமாட்டார், அவ்வளவுதான்.

அப்படியானால் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இக்கணிப்பொறி எவ்வளவு பழையது என்பதன்று. இது வெளியுலகோடு எதன் வழியாகப் பேசுகிறது என்பதே. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தபோது மாமாவின் மூன்று கணிப்பொறிகளுக்கும் மூன்று வேறு விடைகள் கிடைத்தன.

பேட்டர்ன் கணிப்பொறிக்கு இணையம் எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. மதிய இடைவேளையில் யாரோ பாட்டு கேட்பதற்காக இழுத்த கம்பி அது. அதைப் பிடுங்கினேன். விண்டோஸ் 7 அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வட்டை முழுமையாக இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை மாமா வீட்டு பீரோவில் வைத்தோம். ஆனால் கம்பியைப் பிடுங்கியதால் கதவு முற்றிலும் மூடிவிட்டதாக நினைக்கக்கூடாது. 2010இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்', ஈரான் நாட்டின் நத்தான்சில் இணையத்தோடு தொடர்பே இல்லாத கணிப்பொறிகளுக்குள் பென் டிரைவ் வழியாகப் புகுந்தது. ஆதலால் மாதிரிகள் வரும் பென் டிரைவை வேறொரு கணிப்பொறியில் சோதித்த பிறகே இங்கே செருகவேண்டும் என்று ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை மேஸ்திரி அண்ணன் என்னைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார். ஒருநாள் நான் கொண்டுபோன பென் டிரைவையே வாங்க மறுத்துவிட்டார்!

ஒரு சிறு விலகல்

மேலேயிருந்து வரும் கட்டாய மாற்றம் நம் பாலாற்றங்கரைக்குப் புதிதன்று. ஆவாரம் பட்டை கொண்டு பதனிட்ட அரைப்பதத் தோலை ஏற்றுமதி செய்தே வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் நெடுங்காலம் வாழ்ந்தன. 1970களில் மத்திய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முழுதும் பதனிட்ட தோலுக்கும் காலணிக்கும் மாறச் சொன்னது. பின்னர் 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கழிவுநீரைச் சுத்திகரிக்காத பதனிடும் ஆலைகள் மூடப்படும் நிலை வந்தது. அந்த மாற்றம் ஆற்றுக்காகவும் கிணற்றுக்காகவும் வந்தது, தேவையானதும்கூட. கணிப்பொறியில் வரும் கட்டாயம் அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. இங்கே பாதி பாதுகாப்பு, பாதி வியாபாரம். எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

அலுவலகக் கணிப்பொறியின் கணக்கு

இது வெளியுலகோடு நாள்தோறும் பேசுவது. வங்கி, வரி, கம்பெனிகளின் மின்னஞ்சல் எல்லாம் இதில்தான். ஆகவே மாற்றியே ஆகவேண்டும். ஆனால் 2016இல் வாங்கிய இதை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. அது இன்டெல் செயலகங்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும் வேண்டும் என்கிறது, டி.பி.எம். 2.0 என்ற, சாவிகளைக் காக்கும் சில்லும் இருக்கவேண்டும். தடையைச் சுற்றிக்கொண்டு நிறுவும் வழிகள் உண்டு. அவ்வாறு நிறுவினால் திருத்தங்கள் வரும் என்பதற்கு மைக்ரோசாப்ட் உறுதி தராது. திருத்தத்துக்காகவே மாற்றும்போது, திருத்தம் உறுதியில்லாத வழியில் போவது என்ன அறிவு?

பணம் கட்டி விண்டோஸ் 10க்கே திருத்தம் பெறலாம். நிறுவனங்களுக்கு முதலாண்டு ஒரு கணிப்பொறிக்கு 61 டாலர், இரண்டாமாண்டு இருமடங்காக 122, மூன்றாமாண்டு 244, அத்தோடு முடிவு. மூன்றாண்டுக்கும் சேர்த்து 427 டாலர், அதாவது முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். இதை மாமாவின் எதிரில் தாளில் போட்டுக் காட்டினேன். அவர் கணக்கில் என்னைவிட வேகம். "அந்தக் காசுக்குப் புதுசே வந்துடுமேடா" என்றார்.

லினக்ஸ் வைக்கலாமே என்று நம் துறை நண்பர்கள் கேட்பார்கள். சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் தமிழகத்துக்குப் புதியதன்று. என் அக்காளுக்கு அரசு தந்த விலையில்லா மடிக்கணிப்பொறியில் விண்டோசும் அதுவும் இரண்டுமே இருந்தன; எங்கள் வீட்டில் இரண்டாவது கதவை யாரும் திறந்ததேயில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மாமாவின் கணக்குச் செயலி விண்டோசுக்கென்றே எழுதப்பட்டது. கணக்கெழுதும் அக்கா பதினோராண்டாக அதில் பழகியவர். அவரைப் புதிதாகப் பழகச் சொல்வதும் ஒரு செலவுதான். ரசீது வராத செலவு. ஆகவே கணக்குக்குப் புதிய கணிப்பொறி வாங்கினோம். பழையதில் லினக்ஸ் போட்டு, பென் டிரைவ் சோதிக்கவும் அன்றாட உற்பத்தி எண்ணிக்கை எழுதவும் தையல் பகுதியில் வைத்தோம். அது நன்றாகவே ஓடுகிறது.

மூலையில் கிடந்தது

சரக்கு அறைக் கணிப்பொறியை எடைக்குப் போட்டுவிடு என்று மாமா சொல்லியிருந்தார். நானும் சரி என்றிருந்தேன். கார்த்திகை மாதம் ஓர் அம்மாள் வந்தார். தையலில் பத்தாண்டுக்கு மேல் இருந்து 2015இல் நின்றவர். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். ஆனால் வைப்பு நிதிப் பதிவில் அவர் சேர்ந்த ஆண்டு 2005 என்பதற்குப் பதில் 2007 என்று இருந்தது. எங்கள் கூடத்தில் எழுதிய பிழை. திருத்தக் கூட்டு அறிவிப்பில் முதலாளி கையெழுத்திட வேண்டும், ஆதாரமும் காட்டவேண்டும். பழைய காகிதப் பதிவேடுகளோ மழையில் நனைந்து போயிருந்தன.

எடைக்குப் போகவிருந்த பெட்டியை இறக்கித் துடைத்து மின்சாரம் கொடுத்தோம். விண்டோஸ் எக்ஸ்பி விழித்தது. 2004 முதல் 2016 வரை கூலிப் பட்டியல் மாதவாரியாக இருந்தது. கோப்புகளைப் புதிய கணிப்பொறிக்கு எடுத்துவந்து திறந்தால், பெயர் இருக்கவேண்டிய இடமெல்லாம் பொருளற்ற குறிகள்!

காரணம் இதுதான். யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 முதல் அந்த முறையில் தமிழ் எழுதவும் முடிந்தது. எனினும் நம் அலுவலகங்கள் பல ஆண்டுகள் பழைய எழுத்துருக்களையே பயன்படுத்தின. அவற்றில் 256 இடங்களுக்குள் தமிழ் வடிவங்களை அடைத்து வைத்திருப்பார்கள். எந்த வடிவம் எந்த இடத்தில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இதை ஒழுங்குபடுத்த 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற முறைகள் வகுக்கப்பட்டன. 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. மாமாவின் பட்டியலோ இவை எதிலும் சேராத ஒரு தனி எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு உலகத்தில் எங்கள் கண்ணுக்குத் தெரிந்து இருந்த ஒரே இடம், எடைக்குப் போகவிருந்த அந்தப் பெட்டிதான்.

எழுத்துருவையும் படியெடுத்து, இடத்துக்கு இடம் அட்டவணை போட்டு, யூனிகோடுக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். முதல் முயற்சியில் பெயர்கள் குழம்பின. பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய்யெழுத்து முதலில், கொம்பு பிறகு. 'செல்வி'யின் கொம்பு முந்திய எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்ய நான்கு நாள் ஆயிற்று. சரிபார்க்க எனக்கு வழி தெரியவில்லை. மேஸ்திரி அண்ணன்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 2005ஆம் ஆண்டுப் பட்டியலை வரிவரியாகப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஆள் யார், எந்தத் தெரு, இப்போது எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பெயர்களில் என் நிரல் செய்த பிழையை அவரே கண்டுபிடித்தார்.

ஜூன் மாதப் பட்டியலில் ஒன்பதாவது வரியில் அந்த அம்மாளின் பெயர் இருந்தது. அந்த மாதம் பதினேழு நாள் வேலை. மாமா அச்செடுத்து, கூட்டு அறிவிப்போடு இணைத்துக் கையெழுத்திட்டார். வாங்கவந்த அம்மாள் தன் பெயரைப் பார்த்துவிட்டு உடனே போய்விடவில்லை. தாளை என் பக்கம் திருப்பி, "எனக்கு மேல இருக்கிறது யாரு, படி தம்பி" என்றார். படித்தேன். "அதுக்கும் மேல?" என்றார். அந்தப் பக்கம் முழுவதையும் படித்துக் காட்டினேன்.